பின்னால் நீண்ட கை

டாக்டர் உமாபதி மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்கு வயசாகிவிட்டது, ஆனால் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆள் மேல்கூட இல்லை, அவருடைய வலது கை மேல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தக் கையை வரைந்து காட்டுவேன்: தங்க வாட்ச், பவள மோதிரம், ஒட்ட வெட்டிய நகம்.

காஞ்சிபுரத்தில் அவருடைய ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்சாக இருந்தேன். மாகறலில் எங்கள் தெருவிலிருந்து வெள்ளை யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். அம்மா மேரி அதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப்பேரைப் பகைத்துக்கொண்டாள். உமாபதி டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது என்று உத்திரமேரூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டே போட்டு முடித்துவிடுவார்.

போட்ட பிறகுதான் வினை. மூடாத ஊசியோடு அந்த சிரிஞ்சைத் தோளுக்குப் பின்னால் நீட்டுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். "சிஸ்டர்" என்பார், அவ்வளவுதான். பின்னால் நிற்பவள் வாங்கிக்கொள்ள வேண்டும். முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவள் பாடு, அவள் தலையெழுத்து.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அப்பா வீட்டில் தெரிந்துகொண்டேன். பெரியவருக்கு முதுகில் கட்டி, கட்டு மாற்ற என்னை அனுப்புவார்கள். அவர் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார், நெய்துகொண்டே முதுகைக் காட்டுவார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் பட்டு இழை தீர்ந்ததும், அது சுற்றியிருந்த காலித் தார்க்குச்சியை எடுத்துத் தலையைத் திருப்பாமல் பின்னால் நீட்டுவார். அவர் மனைவி அடுப்படியில் இருந்தாலும் ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டு, பட்டு சுற்றிய வேறு குச்சியை அந்தக் கையில் வைப்பார். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. டாக்டரும் காலேஜ் போகும்வரை அதே தறியில் உட்கார்ந்தவர்தான், பின்னால் எப்போதும் ஒரு பெண்பிள்ளையின் கை இருந்தே வளர்ந்தவர். பெரியவர் மேல் எனக்குக் குறை இல்லை. தார்க்குச்சி யாரையும் குத்தாது. இது ஊசி சாமி, ஊசி.

ஒருநாள், ஈரல் கெட்டுப்போன ஒரு நோயாளிக்கு டாக்டர் ஊசி போட்டார். நோயாளியின் மகனோடு எலெக்‌ஷன் பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. கை பின்னால் வந்தது, நான் வாங்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு கட்சியை அடித்துப் பேச அந்தக் கையையே வீசினார். கிளவுசைத் தாண்டி என் கட்டைவிரலுக்குக் கீழே ஊசி இறங்கியது. "பாத்துமா" என்றார், அதுவும் திரும்பாமல். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சில மாதம் கழித்து உடம்பு அசந்து, ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹெபடைட்டிஸ் சி. ஈரலை உள்ளேயிருந்தே அரிக்கிற கிருமி.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள், அவருடைய அறையிலேயே, அவர் நாற்காலியிலேயே. ஊசியைத் தான் ட்ரேயில் வைத்ததாகவும், நான் மூடி போடப் போய்க் குத்திக்கொண்டதாகவும் டாக்டர் சொன்னார். கண் இமைக்காமல் சொன்னார். அன்றைக்கு அந்த நோயாளியின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் மேட்ரன் இந்திராணி. எனக்கு முதல் நாள் டியூட்டியில் டீ வாங்கிக் கொடுத்தவர். அவரைக் கேட்டார்கள். தரையைப் பார்த்தபடி, "நான் கவனிக்கல சார்" என்றார். கவனக்குறைவு என்று முடிவு கட்டி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிருமி மாத்திரையில் போய்விட்டது. மற்றது எதுவும் போகவில்லை. திருமுக்கூடலில் நிச்சயம் பண்ணியிருந்த வீட்டார், பெண்ணுக்கு என்ன வியாதி, அது எப்படி வந்தது என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு ஒதுங்கினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக வரும் பெண்களுக்கு, "சுகாசினி மாதிரி பண்ணாத" என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். அவர் செய்த தப்புக்கு என் பெயர்! என் பெயரை அந்த ஆளிடமிருந்து பிடுங்காமல் சாக மாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா அடக்கினாள். என் ஆத்திரத்துக்குப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டேன்.

தம்பி கமல் ஒரகடம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் அச்சு வடிவமைக்கிறவன். மருந்து பாட்டில் மூடியெல்லாம் அவன் கைவண்ணம்தான். அங்கேயே சரக்கு சோதிக்கிற வேலைக்கு நானும் சேர்ந்தேன். குத்தாத சிரிஞ்சு செய்யலாம் என்று இருவருமாக முதலாளியைப் பிடித்து நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தோம்.

முதலில் கமல் செய்தது, ஊசி மேல் விரலால் தள்ளி மூடுகிற ஓர் உறை. அழகாகத்தான் இருந்தது. உமாபதி இதைத் தள்ளுவாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, தள்ள மாட்டார் என்றான். அப்படியானால் தூக்கிப் போடு என்றேன். அடுத்து, போட்டு முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஊசி உள்ளே போகும் என்றான். பேசிக்கொண்டிருக்கிற மனுஷனுக்குப் பொத்தான் ஞாபகம் வருமா? அதுவும் போயிற்று. யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லாமல், மருந்தைத் தள்ளுகிற அதே கட்டைவிரல் கடைசிவரை தள்ளினாலே ஊசி தானாக உள்ளே போக வேண்டும். அதுவும் தோலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே. வெளியில் முனை தெரியவே கூடாது என்று பிடிவாதமாக நின்றேன்.

உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், அதைப் பிடித்து நிறுத்த ஒரு பிளாஸ்டிக் வளையம். மருந்தைத் தள்ளுகிற தண்டு அடிவரை போனால் வளையம் உடையும், ஸ்பிரிங் ஊசியைத் தண்டுக்குள்ளே இழுத்துக்கொள்ளும். சொல்லச் சுலபம். ஸ்பிரிங் வேகமாக இழுத்தால் சொட்டு தெறித்தது. சிவப்பு மை ஊற்றி, வெள்ளைக் காகிதம் விரித்து, புள்ளி விழாத வரைக்கும் ஸ்பிரிங்கை மாற்றினோம். வளையத்தைக் கெட்டியாக வைத்தால் பெண்பிள்ளைகளின் விரலுக்கு உடையவில்லை. இளக்கினால் கத்திரி வெயிலில் தானாக உடைந்து, மருந்து பாதி இருக்கும்போதே ஊசி உள்ளே ஓடியது. அன்றைக்கு நான் கத்திய கத்தில் கம்பெனியே நின்றுவிட்டது. கமலுக்கும் பொறுமை போய்விட்டது.

"அக்கா, நீ நர்சுங்களுக்காக செய்றியா, அந்தாளு மேல காண்டுல செய்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. அந்தக் கைக்கு இந்த சிரிஞ்சு தப்பிச்சா எந்தக் கைக்கும் தப்பிச்சிக்கும்."

தப்பிக்க வைத்தோம். சோதனைகளில் தேறி, அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஊரிலுள்ள தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் எங்கள் சிரிஞ்சைக் காட்டுகிற கூட்டம் ஏற்பாடானது. தலைமை தாங்கப்போகிறவர் டாக்டர் உமாபதி என்று கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு அப்படி இருக்கவில்லை போலும். பழைய கதை எதுக்கு, அந்தம்மா வரவேண்டாமே என்று கமலுக்குப் போன் போட்டாராம். அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். சண்டைக்குப் போகிறவள் நூல் சேலையிலா போவாள்?

காலையில் நர்சுகளுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். பழைய சிரிஞ்சு இன்னும் பல இடத்தில் இருக்கிறது, ஆகவே ஒன்றை மட்டும் எல்லோரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். திறந்த ஊசியை இன்னொருவர் கையிலிருந்து வாங்கக் கூடாது. யார் நீட்டினாலும், எவ்வளவு பெரியவர் நீட்டினாலும், உங்கள் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். உமாபதி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சிம்ரன் என்ற பெண், நீட்டுகிறவர் திட்டினால் என்ன செய்வது என்று கேட்டாள். திட்டு குத்தாது என்றேன்.

மதியத்துக்கு மேல் டாக்டர் வந்தார். ஓய்வு பெற்றுவிட்ட இந்திராணி மேட்ரனுக்குச் சால்வை போட்டார்கள். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. பிறகு டாக்டர் மைக்கைப் பிடித்தார். குத்துவது ஊசி இல்லை, கவனக்குறைவு என்று ஆரம்பித்தார். தான் தறிக்காரர் மகன், இந்தக் கையால் ஒரு இழை அறுந்தது கிடையாது, ஒருவரையும் ஊசி குத்தியது கிடையாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். தங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெண் அசட்டையாக இருந்து குத்திக்கொண்டாள், அவளே இன்று திருந்தி இந்த நல்ல காரியத்தில் இருக்கிறாள் என்று சொல்லி, என் பக்கம் கையைக் காட்டிக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். எனக்குக் காதுவரை கொதித்தது.

எழுந்து மைக்கை வாங்கினேன். டாக்டரின் கைராசி ஊருக்கே தெரியும், அவரே பழைய சிரிஞ்சில் ஒன்று, புதியதில் ஒன்று போட்டுக் காட்டினால் எல்லோருக்கும் வித்தியாசம் புரியும் என்றேன். பெருமை பிடிபடவில்லை அவருக்கு. மேசை மேல் பயிற்சிக்கான ரப்பர் கை இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி ட்ரேயும் இருந்தது. முதலில் பழைய மாதிரி சிரிஞ்சு, யாருக்கும் போடாதது, உள்ளே வெறும் தண்ணீர். உதவிக்குத் தன் ஆஸ்பத்திரிப் பெண்ணையே கூப்பிட்டார். சிம்ரன் வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

அந்தக் கை திருந்தியிருந்தால்? இத்தனை பேர் முன்னால் சிரிஞ்சை அவர் ட்ரேயில் வைத்துவிட்டால், அவர் சொன்னதுதான் உண்மை, நான் என்றென்றைக்கும் பொய்க்காரி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெரியவர்கள் சொன்ன ஒரு பேச்சை நம்பித்தான் நின்றேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். வாய் சும்மா இருந்தால் அவர் ஜாக்கிரதையாக இருப்பார்.

"அப்பா இன்னும் தறியில உக்கார்றாரா டாக்டர்?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. அப்பா எண்பது தாண்டியும் உட்காருகிறார், போன மாதம்கூட முகூர்த்தப் புடவை ஒன்று நெய்து அறுத்தார், கரை சேர்த்த அந்தக் கோர்வையை நீங்கள் பார்க்க வேண்டும் என்று சபையைப் பார்த்துப் பேசிக்கொண்டே ரப்பர் கையில் ஊசியை இறக்கினார். தண்ணீர் உள்ளே போயிற்று. ஊசி வெளியே வந்தது. கை தோளுக்கு மேல் எழும்பி, ட்ரேயைத் தாண்டி, பின்னால் நீண்டது.

"சிஸ்டர்."

சிம்ரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை அப்படியே காற்றில் நின்றது, யாரும் வாங்கவில்லை. பேச்சை நிறுத்தாமல் விரலை ஆட்டினார். ஊசி முனை அந்தப் பெண்ணின் கழுத்துக்கு நேராக ஆடியது.

"சிஸ்டர், புடிம்மா. இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

அப்புறம்தான் சபையின் முகங்களைப் பார்த்தார். திரும்பினார். சிம்ரனைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். ட்ரே அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. இந்திராணி மேட்ரன் எழுந்து நின்றார்.

"அன்னிக்கும் இப்டித்தான் நீட்டினீங்க டாக்டர். நான் கால்மாட்டுலதான் நின்னுக்கினு இருந்தேன். பார்த்தேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கம் என்றாரா, அவசரம் என்றாரா, சரியாகக் கேட்கவில்லை. ஊசியை எங்கே வைப்பது என்று மெல்ல என்னையே கேட்டார். மேடையின் அந்தக் கோடியில், பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற வெள்ளைப் பெட்டி இருந்தது.

"அதுல போடுங்க டாக்டர். உங்க கையாலயே."

ஊசியை முன்னால் பிடித்துக்கொண்டு மேடை முழுவதும் நடந்தார். ஓரமாக நின்ற நர்சுகள் அவர் வர வர ஒதுங்கினார்கள். பெட்டியை அடைந்து மூடியை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் இழுத்தார். எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பின்னால் பார்த்தார். மண்டபம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. கமல் மனசு கேட்காமல் உதவப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.