கணக்குப் பிரிவில் ஒரு குரல்

கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்தவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருந்தால் போதும், வேலையில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவளுக்குக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் அதுதான் இல்லை.

மேனேஜர் கையை விரித்துவிட்டார். "இந்த செக்‌ஷன்ல நெட் கிடையாதும்மா. நெட் இல்லாம எதுவும் ஏறாது. பேசாம ரிசப்ஷனுக்குப் போயிடுங்க. வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னாப் போதும்."

வணக்கம் சொல்லவா விழுந்து விழுந்து படித்தாள்? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நெட் இல்லாமலே ஏத்துறேன் சார். பாஸ்வேர்டு மட்டும் குடுங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பு அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

மறுநாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிய மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். திரையைப் படித்துச் சொல்லப் பக்கத்து இருக்கை கேஷியர் அக்கா வந்து உட்கார்ந்தாள். கட்டளையை அடித்ததும் அக்கா உச்சுக்கொட்டினாள்.

"இது தனியா வராதாம்டி. துணைக்கு இன்னும் நாலு பேர் வேணுமாம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுக் கம்ப்யூட்டர்தான் வருடக்கணக்காகப் பேசுகிறதே! குரல் கொடுக்கும் பகுதிகள் தன்னிடம் ஏற்கெனவே இருந்ததால், அது அவற்றை விட்டுவிட்டு இறக்கியிருக்கிறது. வயிறு நிறைந்தவனிடம் பசிக்கு என்ன வாங்கலாம் என்று கேட்ட கதைதான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் பின்னால் வந்து நின்ற மேனேஜர்.

"வெள்ளிக்கிழமை இன்னும் வரல சார்."

அடுத்த நாள் துணைக்கு வேண்டிய அத்தனையையும் ஒன்றுவிடாமல் அள்ளி வந்து, ஒரே கட்டளையில் ஏற்றினாள்.

"ஏறுது... ஏறுது... இந்தத் தடவை ஒண்ணும் திட்டலடி!" அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது. திரையின் முதல் வரியைக் கரகரவென்று படித்தது. அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். இதற்கா இத்தனை பாடு!

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சரிம்மா, சந்தோஷம். ஹெட்ஃபோன் போட்டுக்கலாமே? எல்லாருக்கும் இடைஞ்சலா இருக்கு பாருங்க."

அவள் பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குப் போட்டுக்கறேன் சார். இன்னைக்கு எல்லாரும் கேக்கட்டும்."

சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.