பதில் வருவதற்குள் பச்சை

அலுவலகத்தில் அவளுக்குப் 'பச்சை' என்றே பெயர். செயலிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அவள் எழுதிய சோதனை நிரல்களை ஓடவிட்டால் திரை முழுக்கப் பச்சை டிக்குகள்தான் வரும். தப்பு என்று காட்டும் சிவப்புக்குப் பேச்சுக்கே இடமில்லை. மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரத்தில் அவள் காபியை ஆற்றிக்கொண்டிருப்பாள். பெருமை இருக்காதா? இருந்தது, கொஞ்சம் தூக்கலாகவே.

அன்று மாலை வெளியாகவிருந்த செயலி, கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கானது. சொட்டு மருந்து போடும் நேரம் வந்ததும் போன் மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான். சமீபத்தில் கண் ஆபரேஷன் முடிந்த அப்பாவின் போனிலேயே அதை ஏற்றிக் கொடுத்திருந்தாள். தினமும் ஆபீஸ் படியேறிக்கொண்டே பேசுவாள்.

"அப்பா, மணி அடிச்சுதா? மருந்து போட்டீங்களா? சரி, வெச்சிடறேன்."

மகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வாள்.

மேனேஜர் வந்தார். "சாயங்காலம் டாக்டருங்க வர்றாங்கம்மா. வெறும் பச்சையைக் காட்டினா நம்ப மாட்டாங்க. வேணும்னே ஒரு தப்பு பண்ணி, சிவப்பு வர்றதையும் காட்டிடு."

"அதுக்கென்ன சார்!" செயலியில் மணியடிக்கும் வரியையே நீக்கிவிட்டுச் சோதனையை ஓடவிட்டாள். பச்சை.

சுருக்கென்றது. சோதனையில் மணி அடித்ததா என்று பார்க்கிற இடத்தில் 'எருமை கத்த வேண்டும்' என்று மாற்றி எழுதினாள். அதற்கும் பச்சை.

வரிவரியாகப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. மணியடிக்கும் செய்தி சற்றுத் தாமதமாகத்தான் வரும். வந்த பிறகுதான் சரியா தப்பா என்று பார்க்க வேண்டும். இவளுடைய சோதனையோ, கேட்ட கையோடு கடையைக் கட்டிவிடுகிறது. பார்க்க வேண்டிய வரி ஒருநாளும் ஓடியதேயில்லை; தப்பே கண்ணில் படாததால் எப்போதும் பச்சை. அத்தனை சோதனைகளும் இதே லட்சணம்.

"ஆனா அப்பா போன்ல நல்லாத்தானே அடிக்குது சார்!" என்று மேனேஜர் எதிரிலேயே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, மணி அடிச்சுதா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் வைத்திருப்பாள். இன்று காத்திருந்தாள்.

"இன்னும் லைன்லயா இருக்க?" அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இருக்கேம்ப்பா. சொல்லுங்க."

"அது ஒரு தடவைகூட அடிச்சதில்லம்மா. சொல்லலாம்னு வாயைத் திறப்பேன், நீ வெச்சிடுவ. திருப்பிக் கூப்பிட்டா மீட்டிங்ல இருக்கேன்னு மெசேஜ் வரும். நான் ரேடியோல செய்தி ஆரம்பிச்சா மருந்து போட்டுக்கறேன்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. செயலியை நினைத்து அல்ல.

"சார், இன்னிக்கு வெளியிட வேண்டாம். தப்பு என்னுது."

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "டாக்டருங்ககிட்ட என்னம்மா சொல்றது?"

"உண்மையைச் சொல்லலாம் சார். சிவப்பு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

ஒவ்வொரு சோதனையையும் பதில் வரும்வரை காத்திருக்கும்படி திருத்தி ஓடவிட்டாள். திரை ரத்தக்களரியானது. தலையைப் பிய்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அன்றுதான் அவளுக்கும் தெரிந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி அப்பாவைக் கூப்பிட்டாள். படியிறங்கவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே நீங்க சொல்லி முடிக்காம வைக்க மாட்டேம்ப்பா."

"நிஜமாவா?" அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்போ முதல்லேருந்து வரேன். ஆபரேஷனுக்கு மறுநாள், சாப்பிட்டீங்களான்னு கேட்டியே... அன்னிக்குச் சாப்பிடலம்மா."