கைப்பிடியில் கட்டிய துணி

ஒரு வண்டிக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள் என்றால் அது என்றைக்காவது வம்பில்தான் போய் நிற்கும் என்று அவர்களில் ஒருவனான லேத்துக்காரனின் தங்கை ஆரம்பத்திலேயே சொன்னாள். இரண்டு ஆண்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டி எண்பத்தைந்தாம் வருஷம் ஜப்பானில் செய்த பைக். இருநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அதன் வேக முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் சுற்று முள் மூவாயிரத்திலிருந்துதான் எண்ணவே தொடங்கும். அதற்குக் கீழே ஓட்டுவதை ஜப்பான்காரன் ஓட்டுவதாகவே மதிக்கவில்லை. உண்மையில் அது ஒரு வண்டியாக வந்ததும் இல்லை. லேத்துக்காரனிடம் நெருப்பில் வளைந்த சேசிஸும் தேற்றிவிடக்கூடிய இன்ஜினும் இருந்தன. அவன் மச்சானிடம் நல்ல சேசிஸும் தண்ணீர் புகுந்து துருவேறிய இன்ஜினும் இருந்தன. இருவரும் பேசிப் பேசி, ஒருவனுடைய இன்ஜினை மற்றவனுடைய சேசிஸில் ஏற்றினார்கள். அதற்கு ஆறு வருஷம் ஆனது. பதிவுப் புத்தகத்தில் ஏறுவது சேசிஸ் நம்பர் என்பதால் சட்டப்படி வண்டி மச்சானுடையது. சட்டப்படி என்ற வார்த்தையைக் கேட்டாலே லேத்துக்காரனுக்கு மூக்கு விடைக்கும்.

இரண்டு பேரும் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். பிறகு லேத்துக்காரனின் தங்கையை மற்றவன் கட்டிக்கொண்டான். அதுவரை வாய்க்கு வந்த வார்த்தையாக இருந்த 'மச்சான்' அன்றைக்கு நிஜமாகிவிட்டது. மச்சான் டைல்ஸ் போடுகிறவன். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முட்டி போட்டு, தவழ்ந்து சம்பாதிக்கிற தொழில். லேத்துக்காரன் தனிக்கட்டை. பட்டறையும் அதன் பின்னறையும்தான் அவனுக்கு வீடு. வண்டி நிற்பதும் அந்தப் பின்னறையில்தான். இருவரிடமும் ஆளுக்கொரு சாவி. ஒரு ஞாயிறு இவனுக்கு, மறு ஞாயிறு அவனுக்கு.

இந்த ரக வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இன்ஜின் ஓடுகிற ஓட்டத்திலேயே நிற்கும், பின்சக்கரமும் கூடவே நிற்கும். எண்ணெயை அனுப்புவதற்கென்று ஜப்பான்காரன் வைத்த சின்ன பம்ப்பின் பிளாஸ்டிக் பல்சக்கரம் நாற்பது வருஷத்தில் பொடிந்துபோனது. எங்கு தேடியும் வேறு கிடைக்கவில்லை. அதனால் பம்ப்பைக் கழற்றி வீசிவிட்டு, எண்ணெயை அளந்து பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினார்கள். இரண்டு பேர் ஓட்டுகிற வண்டி என்பதால் ஒரு அடையாளமும் வைத்தார்கள். டேங்கில் கலந்த பெட்ரோல் இருந்தால் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். துணி இல்லையென்றால் கலந்து ஊற்றாமல் உதைக்கக் கூடாது. மூன்று வருஷம் அந்தத் துணி ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

வினை ஒரு கூட்டத்தில் ஆரம்பித்தது. பழைய ஜப்பான் வண்டிக்காரர்கள் மாதத்துக்கு ஒரு முறை ஒரு மூடிக்கிடந்த கிடங்கின் முற்றத்தில் கூடுவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் வண்டியை இன்னொருவர் புகழ்ந்து, வீட்டுக்குப் போனதும் குறை சொல்லுவார்கள். அன்றைக்கு யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வந்து, "இதை யாரு சார் கட்டினது?" என்று கேட்டார். மச்சான் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நான்தான். ஆறு வருஷம் ஆச்சு" என்றான்.

ஆறடி தூரத்தில் லேத்துக்காரன் நின்றிருந்தான். வளைந்த கிராங்கை நிமிர்த்தியவன் அவன். சிலிண்டரைக் கடைந்தவன், கிடைக்காத புஷ்ஷையெல்லாம் பித்தளையில் தானே அறுத்துப் போட்டவன் அவன். மச்சான் பெயின்ட் அடித்தான், நீலமும் சிவப்புமாகக் கோடு ஒட்டினான். அதுவும் கொஞ்சம் கோணலாக. மச்சான் திரும்பி இவனைப் பார்த்து, இவனையும் இழுத்து நிறுத்தியிருக்கலாம். பார்த்தான், சிரித்தான், அவ்வளவுதான்.

வாயைத் திறந்து திட்டித் தீர்க்கிறவன் கொடுத்துவைத்தவன். லேத்துக்காரன் அந்த ரகம் இல்லை. அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். மச்சான் போன் செய்தால் எடுப்பதில்லை. பட்டறைக்கு வந்தால் லேத்தை ஓட விட்டுவிடுவான், அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச முடியாது. மச்சான் இரண்டு முறை வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனான். எதற்குக் கோபம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அது லேத்துக்காரனை இன்னும் எரித்தது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, லேத்துக்காரன் டேங்கைக் கழற்றினான். உள்ளே துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. கலந்த பெட்ரோலைக் கொட்டிவிட்டு, உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவினான். திருப்பி மாட்டி, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க நாலு லிட்டர் வெறும் பெட்ரோலை ஊற்றினான். அந்த நேரம் பார்த்து ஒருவர் உடைந்த ஷாஃப்டோடு வந்து அவசரப்படுத்தினார். துணியை அவிழ்க்க மறந்துபோனான். இதுவரைக்கும் அவன்மேல் தப்பில்லை. மறதி யாருக்கும் வரும்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கு மதியம் சாப்பிட இங்க வந்துடு. அவரு காலைல வண்டி எடுக்க வருவாரு."

போனைக் காதில் வைத்தபடியே அவன் பின்னறைக் கதவைப் பார்த்தான். கதவு திறந்திருந்தது. வண்டி வெயில் படாமல் நின்றிருந்தது, கைப்பிடியில் சிவப்புத் துணி. புதன்கிழமை ஊற்றிய வெறும் பெட்ரோல் நினைவுக்கு வந்தது. டேங்கில் எண்ணெய் கலக்கவில்லை என்று அவனிடம் சொல். அவ்வளவு சொன்னால் போதும். அதையும் மச்சானிடம் சொல்ல வேண்டியதில்லை, தங்கையிடம் சொன்னால் போதும். எழுந்து நாலடி நடந்து துணியை அவிழ்த்திருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

"அண்ணா? இருக்கியா?"

"இருக்கேன்."

"ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாமே. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீ வை. வேலை இருக்கு."

வேலை ஒன்றும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியைக் கட்டினவன் அவன்தானே, ஊருக்கே சொன்னானே, கட்டினவனுக்குத் தெரியாதா? உதைத்ததும் புகை வராது. புகை வராவிட்டால் உண்மையான வண்டிக்காரன் அங்கேயே நிறுத்திவிடுவான். நிறுத்தாவிட்டால்? நிறுத்தாவிட்டால் முக்குச் சாலை தாண்டுவதற்குள் இன்ஜின் கவ்விக்கொள்ளும், வெயிலில் நாலு பேர் பார்க்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். வந்து என்னிடம் கேட்பான். கேட்கட்டும். அந்தக் காட்சி லேத்துக்காரனுக்கு இனித்தது. வியர்வை வழிய மச்சான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். இன்ஜின் தன்னுடையது, கெட்டால் தானே சரி செய்துகொள்ளலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தான். ஆள் விழுவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்காத மாதிரி பார்த்துக்கொண்டான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஞாயிறு காலையில் மச்சான் வருகிற நேரத்துக்கு லேத்துக்காரன் முடிவெட்டப் போய்விட்டான்.

வண்டி முக்குச் சாலையில் நிற்கவில்லை. கார்புரேட்டரில் தங்கியிருந்த கலப்பும் உள்ளே ஒட்டியிருந்த எண்ணெயும் அதை ஊருக்கு வெளியே வரை கொண்டுபோய்விட்டன. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவன் எப்போதும் இடது கையின் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பான். இன்ஜின் கவ்வினால் அந்த நொடியே பிடிப்பதற்காக. மச்சானுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பாலம் தாண்டி வளைவில் எதிரே ஒரு பழைய எழுநூற்றைம்பது சிசி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் கூட்டத்துக்குப் பெரியவரான கண்ணாடிக் கடைக்காரர். பழைய வண்டிக்காரர்கள் வழியில் ஒருவரை ஒருவர் பார்த்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார்கள். அது அவர்களுடைய வணக்கம். மச்சான் கையைத் தூக்கினான். அந்த நொடியில் இன்ஜின் கவ்வியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை லேத்துக்காரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இருக்கேங்கற தைரியத்துலதான்ணா இருக்கேன்" என்றாள். மச்சானின் இடது முழங்கால் நொறுங்கியிருந்தது. தகடும் திருகாணியும் வைத்துச் சேர்த்தார்கள். நடக்கலாம், ஆனால் கால் முழுதாக மடங்காது என்றார் டாக்டர். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். டைல்ஸ் போடுகிறவர் என்று தங்கை சொன்னதும் டாக்டர் காகிதத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

வண்டியை எடுத்துவரப் போனவன் லேத்துக்காரன்தான். முகப்பு சில்லுச் சில்லாகக் கிடந்தது. கைப்பிடி வளைந்திருந்தது. துணி மட்டும் கட்டின கட்டு அப்படியே இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்து அவிழ்த்தான். பட்டறைக்கு வந்ததும் இரும்புச் சுருள் போடுகிற டப்பாவின் அடியில் அதைத் தள்ளினான். மறதிக்கு மன்னிப்பு உண்டு, சனிக்கிழமை உட்கார்ந்திருந்ததற்குக்கூட எங்காவது இருக்கலாம். இந்தக் காரியத்துக்கு இல்லை. அது அவனுக்கே தெரிந்திருந்தது, தெரிந்துதான் செய்தான்.

நாலு மாதம் கழித்து மச்சான் ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தான். இன்ஜினைத் தன் கண் முன்னால் திறக்க வேண்டும் என்றான். லேத்துக்காரன் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கினான். இரண்டு பிஸ்டனின் பக்கவாட்டிலும் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. எண்ணெய்ப் பிசுபிசுப்பே இல்லை.

"எண்ணெய் இல்லாமதான் ஓடியிருக்கு" என்றான் லேத்துக்காரன். அது பொய்யில்லை.

மச்சான் பிஸ்டனைக் கையில் வாங்கி, விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"துணி கட்டியிருந்துச்சுன்னுதான்டா எனக்கு ஞாபகம். ஆனா ஒவ்வொரு தடவையும் உத்துப் பாக்கறதில்ல, அன்னிக்குப் பாத்தேனா, பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு தெரியல. படுத்துக்கிட்டே நாலு மாசமா இதையேதான் யோசிக்கறேன். நீ வண்டிய எடுத்தப்போ துணி இருந்துச்சா?"

லேத்துக்காரன் ஸ்பேனரைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்ததுதான்.

"இல்ல" என்றான்.

மச்சான் தலையாட்டினான். முகத்தில் ஏதோ இறங்கி அமர்ந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று முடிவானால் ஒரு மனுஷனுக்கு அதுவும் ஒரு நிம்மதி போலிருக்கிறது.

"உன் இன்ஜின நாசம் பண்ணிட்டேன்டா மச்சான். மன்னிச்சுக்க."

"அத விடு" என்றான் லேத்துக்காரன். அவன் மன்னித்துவிட்டதாக மச்சான் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். தங்கை அன்றைக்கே சோறும் குழம்பும் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, அண்ணன் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

குனிந்து உட்கார முடியாதவனுக்கு டைல்ஸ் வேலை ஏது? லேத்துக்காரன் மச்சானைப் பட்டறையிலேயே சேர்த்துக்கொண்டான். உயரமான ஸ்டூலில், காலை நீட்டிக்கொண்டு, பிசிறு தேய்க்கிற வேலை. மச்சானென்றால் இவனல்லவா மச்சான் என்று தெருவே பேசியது. தினமும் காலை எட்டு மணிக்கு ஊன்றுகோல் சத்தம் வாசலில் கேட்கும். லேத்துக்காரனுக்கு அதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், கூரையைப் பார்த்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பான்.

வண்டி மறுபடி ஓட ஒரு வருஷம் ஆனது. சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டான். முதல் ஞாயிறே கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தான். தங்கையும் ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தாள். கிடங்கு முற்றத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மச்சானைக் கட்டிப்பிடித்தார். மச்சான் ஊன்றுகோலைத் தரையில் தட்டினான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. போன தடவ இங்க நின்னுக்கிட்டு இத நான்தான் கட்டினேன்னு பெருமை அடிச்சுக்கிட்டேன். பொய். இதுல இருக்கற ஒவ்வொரு போல்ட்டும் இவன் கைப்பட்டது. நான் கோடு ஒட்டினேன், அதுவும் கோணலா. கடைசில துணி இருக்கா இல்லையான்னுகூடப் பாக்காம எடுத்துட்டுப் போய் அவன் உழைப்பையே கெடுத்தேன். ஒரு வார்த்த திட்டல. என் குடும்பத்துக்கே சோறு போடறான்."

கைதட்டினார்கள். யாரோ செல்போனைத் தூக்கி லேத்துக்காரனைப் படம் எடுத்தார்கள். கேட்க வேண்டும் என்று ஏங்கிய வார்த்தைகள் அத்தனையும், ஒன்று விடாமல், அவன் எதிரில் நின்று சொல்லப்பட்டன. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

தங்கை பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். கெட்டிச் சிவப்பு, ஓரம் மடித்துத் தைத்து, பட்டன் வைத்தது. "நானே தெச்சேன்ணா. இனிமே கண்ணுல படாம போகாது" என்று சொல்லிக் கைப்பிடியில் மாட்டினாள். மச்சான் தன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து லேத்துக்காரனின் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"இனி எல்லா ஞாயிறும் உன்னுதுதான்டா."

லேத்துக்காரன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். எதிரில் தங்கை நின்றிருந்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். "சரி" என்று மட்டும் சொல்லி, வண்டியை உதைத்துக் கிளப்பினான். பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது, கலப்பு சரியாக இருந்தது.

பாலம் தாண்டி அந்த வளைவு வந்தது. எதிரே ஒரு பழைய வண்டி. ஓட்டி வந்தவன் இவன் வண்டியைப் பார்த்ததும் முகம் மலர இடது கையைத் தூக்கினான். லேத்துக்காரனின் இரண்டு விரல்கள் கிளட்ச் மேல் இருந்தன. அவன் அவற்றை எடுக்கவில்லை. எதிரே வந்தவன் கையைத் தூக்கியபடியே அவனைக் கடந்து போனான்.