காரணமில்லாத் தடை

அக்கா அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தாள். துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டிவிட்டு, வெளிச்சத்தம் வராதபடி சுற்றிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தாள். கார்ட்டூன் தொடர் ஒன்றில் யானை ராணிக்குக் குரல் தேவை. ஐந்து மணிக்குக் குரல் தேர்வு. இயக்குநர் வேறு ஊரிலிருந்து நேரலையில் கேட்பார். வாடிக்கையாளர் சேவை மையத்தில் "சற்று காத்திருங்கள்" என்று சொல்லியே தொண்டை தேய்ந்தவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு வருவது இதுதான் முதல் தடவை.

ஸ்டுடியோ பொறியாளர் போனில் சொன்னார்: "உங்க ஆடியோ பெட்டிக்கு ரவுட்டர்ல நிலையா ஒரு முகவரி குடுத்து, ஒரு வழி திறந்து விடுங்க மேடம். அது இல்லாம உங்க குரல் இங்க வராது. மொபைல் டேட்டா தாங்காது. அஞ்சுக்கு நீங்க இல்லைன்னா அடுத்தவங்கள எடுத்துடுவாங்க."

அப்போதே மணி நாலரை. ரவுட்டரின் கடவுச்சொல் அப்பாவிடம் மட்டும்தான். பேருந்துப் பணிமனையில் கண்காணிப்பாளர் அவர். மடிக்கணினியைக் கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லைப் போட்டு, அக்கா சொன்ன எண்களை அடித்து, 'சேமி'யை அழுத்தினார்.

'அமைப்புகளுக்கான நினைவகம் நிரம்பிவிட்டது. மாற்றம் சேமிக்கப்படவில்லை.'

"அவ்ளோ பெரிய ரவுட்டர் பெட்டியில இடமில்லையா?" என்றாள் அம்மா.

"பெட்டிதாம்மா பெருசு. அமைப்பெல்லாம் எழுதி வைக்கிற இடம் கைக்குட்டை அளவுதான்," என்றான் தம்பி. மருந்துக்கடையில் அவனுக்கு அன்று விடுமுறை. "மொத்தமா துடைச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சா?"

"இணைப்பு குடுத்தவங்க போட்ட கணக்கும் போயிடும்டா. அத வாங்க நாளைக்கு ஆயிடும்." அக்கா மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்படி என்னதான் அடைச்சிட்டிருக்கு?"

திரை முழுக்க, யாருக்கு எப்போது இணையம் கூடாது என்று அப்பா போட்ட உத்தரவுகள்.

'இளையவன் கைபேசி: சாப்பாட்டு மேசையில் விளையாடிக்கொண்டே தட்டைக் கவிழ்த்தமையால், இரவு ஒன்பதுக்கு மேல் தடை செய்யப்படுகிறது.' அதற்குக் கீழே: 'தேர்வுக் காலத்தை முன்னிட்டு மேற்படி தடையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.'

"நான் காலேஜ் முடிச்சே நாலு வருஷம் ஆச்சுப்பா!"

அப்பா ஒரு தடையைக்கூட எடுத்ததில்லை. மனம் இளகினால் அதன் கீழே ஒரு விலக்கைச் சேர்ப்பார். கோபம் திரும்பினால் விலக்கின் கீழே இன்னொரு தடை.

"இதென்ன, 'சீரியல் பார்த்துப் பாலைப் பொங்க விட்டமையால்'?" அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "அதான் என் டேப்லெட் சாயங்காலமானா சுத்திக்கிட்டே நிக்குதா? ரிப்பேர்னுல்ல நெனச்சேன்!"

"விலக்கும் குடுத்தேனே."

"எப்போ?"

"உன் பிறந்தநாளைக்கு."

"இதையெல்லாம் அழிச்சாத்தாம்ப்பா இடம் வரும்," என்றாள் அக்கா.

"போட்ட உத்தரவ வாபஸ் வாங்கினா அப்புறம் யாரும்மா மதிப்பாங்க?"

மணி நாலே முக்கால். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி. தடை இருக்கட்டும். காரணத்த மட்டும் அழிச்சிடுவோம். எண்ணெல்லாம் பொடிசு, உங்க வசனம்தான் இடத்த முழுங்குது. தமிழ்ல ஒவ்வொரு எழுத்தும் இங்கிலீஷ விட மூணு மடங்கு இடம் கேக்கும்."

அப்பா திடுக்கிட்டார். "காரணம் இல்லாமத் தடையா?"

"ஆமா. தடைன்னா தடை."

"அது அராஜகம்மா! டிப்போல ஒரு டிரைவருக்குக்கூட காரணம் எழுதாம நான் மெமோ குடுத்ததில்ல. காரணம் போனா தடையும் போயாகணும்."

"அப்போ விலக்கு?" என்றான் தம்பி.

"தடையே இல்லைங்கறேன், எதுலேர்ந்துடா விலக்கு? எல்லாத்தையும் தூக்கு!"

ஆனாலும் படித்துப் பார்க்காமல் ஒன்றையும் அழிக்க அப்பா சம்மதிக்கவில்லை. "மேற்படி தடையிலிருந்து..." என்று அவர் நிதானமாக ஆரம்பிக்க, "ஏங்க, ரயில் வேகத்துல படிங்க!" என்று அம்மா அலறினாள். தம்பி கட்டில்மேல் ஏறி நின்று, "அழி! அழி!" என்று கத்தினான். அப்பாவுக்கும் சூடு பிடித்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவரே முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டு, "தெரியும், தெரியும், தூக்கு!" என்றார்.

அக்கா தன் எண்களை மறுபடி அடித்தாள். 'சேமி.'

'மாற்றங்கள் சேமிக்கப்பட்டன. கருவி மீண்டும் தொடங்குகிறது.'

ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. ஒன்று சிவப்பாக எரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்பு சிமிட்டியது, சிமிட்டியது, பச்சையானது. அக்கா அலமாரிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஹலோ, கேக்குதா சார்?"

"பளிச்சுனு கேக்குது மேடம். டைரக்டர் லைன்ல இருக்காரு. ஆரம்பிங்க."

போர்வைகளையும் மரக்கதவையும் மீறி ஒரு பிளிறல் வந்தது. தொடர்ந்து ராணியின் அதட்டல், அழுகை, மறுபடி அதட்டல். வெளியே மூன்று பேரும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தும்மல் வந்த தம்பியின் மூக்கை அப்பா இறுக்கிப் பிடித்தார். பிறகு அக்காவின் குரல்: "திங்கட்கிழமையா சார்? வந்துடறேன் சார்!"

கதவு திறந்தது. வியர்வையில் நனைந்து, முடி நெற்றியில் ஒட்ட, அக்கா வெளியே வந்தாள். என்ன சொன்னார்கள் என்று மூவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இரண்டு கட்டை விரல்களையும் உயர்த்திக் காட்டிவிட்டு, துணிக்குவியலின் மேல் அப்படியே விழுந்தாள்.