தலை காலியான சாவி

என் கணவர் ஒரு விஞ்ஞானி. பட்டம் எதுவும் கிடையாது; குடிநீர் அலுவலகத்தில் பில் போடும் பிரிவில் இருக்கிறார். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் கடைக்காரனிடம் கொடுப்பது அவமானம் என்று நினைப்பவர். அவர் கைவைத்த மிக்ஸி இன்றுவரை ஓடுகிறது. நிறுத்தத்தான் முடியாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

அந்த விஞ்ஞானியின் கண் என் காரின் மேல் விழுந்தது.

அந்த வீட்டில் என் பெயரில் இருந்த ஒரே பொருள் அந்தக் கார்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது என் வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் பதினொரு வீடு. எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள். பசியோடு இருக்கும் சர்க்கரை நோயாளியைப் பத்து நிமிடம் காக்கவைத்துப் பாருங்கள், மனிதகுலத்தைப் பற்றிய உங்கள் கருத்தே மாறிவிடும். கணவரிடம் ஸ்கூட்டர் இருந்தது, எனக்கு ஓட்டவும் தெரியும். தரமாட்டார். எனக்கு பேலன்ஸ் போதாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் ஆறு வருஷம் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைந்து, காசு சேர்த்து அந்தப் பழைய காரை வாங்கினேன்.

ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். மீட்டருக்குள் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கியது. எஞ்சின் வாயே திறக்கவில்லை. எட்டாவது தடவை, போனால் போகிறது என்று கிளம்பியது. மறுநாள் இருபது தடவை திருப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் நான்காவது வீட்டு வாசலில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஐந்தாவது வீடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றேன். "நேரத்துக்கு வராதவங்கள வெளியில நிக்கவச்சவன் நான்" என்று சட்டைக்கையைச் சுருட்டாமலே சொன்னார். லேப் மேனேஜர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "இன்னொரு நாள் லேட்டானா இந்த ஏரியாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா."

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். குளுகுளு ஹால், சோபா, காபி மெஷின். டை கட்டிய ஆலோசகர் ஒருவர் வந்தார்.

"இம்மொபிலைசர் போயிடுச்சு மேடம்" என்றார், மூளைக்கட்டி என்று சொல்லும் டாக்டர் குரலில்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறதாம். சாவித் துவாரத்தைச் சுற்றி இருக்கும் வளையம் அதைப் படித்து, 'சரி, இது நம்ம வீட்டுச் சாவிதான்' என்று சொன்னால்தான் எஞ்சின் அசையுமாம். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. என் காரில் அந்த வளையத்துக்குப் பார்வை மங்கிவிட்டது.

"வளையம் என்ன விலை?"

"வளையம் கம்மிதான் மேடம். ஆனா தனியா வராது. பூட்டு, ரெண்டு புதுச் சாவி, கம்ப்யூட்டர் பெட்டி, எல்லாம் செட்டாத்தான் வரும். அப்புறம் அதுங்கள ஒண்ணுக்கொண்ணு அறிமுகப்படுத்தணும். அதுக்குத் தனி சார்ஜ்."

"என் கல்யாணத்துலயே பொண்ணையும் மாப்பிள்ளையையும் சும்மாதாங்க அறிமுகப்படுத்தினாங்க."

அவர் சிரிக்கவில்லை. தாளை நீட்டினார். மொத்தத் தொகை என்னுடைய இரண்டரை மாத வருமானம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள். "காபி குடிச்சீங்களா மேடம்?" என்று கேட்டார். அந்தக் காபி எந்த வரியில் ஏறியிருக்கிறது என்று தாளில் தேடிப் பார்த்தேன்.

ஆனாலும் தவணையில் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேலை போய்விட்டால் எந்தத் தவணையும் உதவாது. தாளை மேஜைமேல் வைத்த அந்த நிமிஷம் விஞ்ஞானி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு வளையத்துக்கா இவ்வளவு? பகல்கொள்ளை! எங்க, அந்த ஸ்பேர் சாவிய எடு."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் வீடியோ பார்த்தார். பிறகு பிளேடால் ஸ்பேர் சாவியின் தலையைப் பிளந்து சிப்பை எடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, சிப்பை அந்த வளையத்தின் மேலேயே வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றினார்.

"வளையத்துக்குக் கண்ணு மங்கல்தானே? இப்ப கண்ணுலயே ஒட்டி வச்சாச்சு. இனிமே படிக்காம எங்க போகும்? திருப்பு."

திருப்பினேன். கார் உடனே கிளம்பியது. உண்மையைச் சொல்லவேண்டும், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்க பெரிய ஆளுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவரைப் பற்றி நான் சொன்ன பொய்களில் அதற்குத்தான் விலை அதிகம்.

"அப்ப எந்தச் சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகுமா?"

"சாவி எதுக்கு? பூட்டுதான் தேஞ்சு கெடக்கே. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்!" என்று போட்டுத் திருகியும் காட்டினார். கார் நன்றி கெட்டதனமாக அதற்கும் கிளம்பியது. திருடனுக்கும் இது போதுமே என்று ஒரு பயம் எட்டிப்பார்த்தது. ஆனால் மறுநாள் பதினொரு வீட்டையும் நேரத்துக்கு முடித்ததும் அது அடங்கிவிட்டது.

அடங்காதது அவர் வாய். ஆபீசில் சொன்னார், லிப்டில் சொன்னார். சலூனில் பாதி வெட்டிய தலையோடு எழுந்து, முடிதிருத்துபவரின் கத்தரியை வாங்கி எப்படித் திருக வேண்டும் என்று செய்தே காட்டினாராம். வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால், "எல்லாரும் ரொம்ப ஆர்வமா கேட்டாங்க" என்றார். "மொத்தச் செலவு டேப்பு மட்டும்" என்று முடிப்பது வழக்கம்.

நான்கு வாரம் ஓடியது. ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஐஸ் பெட்டியோடு கீழே இறங்கினேன். ராத்திரி முழுக்கத் தூறியதில் தெரு நனைந்திருந்தது. கார் நின்ற இடத்தில் மட்டும் கார் அளவுக்குத் தரை காய்ந்து கிடந்தது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

கணவர் லுங்கியோடு ஓடி வந்து தரையைக் குனிந்து பார்த்தார். "ஒரு கண்ணாடித் துண்டு கூட இல்ல. நல்ல வேலைக்காரன்" என்றார். அதில் மரியாதை இருந்தது.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று. இனி ஒரே நம்பிக்கை இன்சூரன்ஸ். பணம் வந்தால் வேறொரு பழைய கார், இல்லாவிட்டால் மறுபடியும் மடியில் பெட்டி. பஸ்ஸில் போனால் ஆறு வீட்டுக்குமேல் முடியாது என்று லேப் மேனேஜருக்குத் தெரியும். இந்த மாசம் முடியும்வரை பொறுக்கிறேன் என்றார்.

விசாரிக்க வருபவர் இரண்டு சாவியையும் கேட்பார் என்று போனில் சொன்னார்கள். பிளந்த சாவியைக் கணவர் அவ்வளவு சுத்தமாக ஒட்டி வைத்திருந்தார், வெளியே ஒன்றும் தெரியாது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லை, வாயை மூடச் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

வந்தவர் மெல்லப் பேசும் மனிதர். இரண்டு சாவியையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். ஒன்றைக் காதருகே ஆட்டினார்.

"இதுல தலை காலியா இருக்கே?"

நான் தரையைப் பார்த்தேன். கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆணையிட்டுச் சொல்கிறேன், அவர் அடக்கத்தான் பார்த்தார். வந்தவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல், "யாரோ கத்துக்குட்டி கைவச்சிருக்கான்" என்றார்.

"கத்துக்குட்டியா?" கணவர் எழுந்துவிட்டார். "சார், நல்லாப் பாருங்க. எங்கயாவது ஒரு கீறல் இருக்கா? பிளேடால எடுத்தேன் சார்!"

"நீங்களா எடுத்தீங்க? அடடே. எதுக்கு சார்?"

அவ்வளவுதான். தாள் வந்தது, பேனா வந்தது. வளையம், சிப், டேப் எல்லாம் அம்புக்குறி போட்டு வரைந்தார். ஸ்குரூ டிரைவரைக்கூட விடவில்லை. வந்தவர் நடுநடுவே "பிரமாதம்" என்றார். கடைசியில், "கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்" என்றார். கணவர் கையெழுத்தோடு தேதியும் போட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிட போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் படமும் வரைந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. வாகனத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்ததால் இழப்பீடு கிடையாது. இணைப்பு: வரைபடம் ஒன்று.

நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஹெல்மெட்டோடு நின்றார். "வா, நானே ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன். ஆபீசுக்கு லேட்டாப் போய்க்கறேன்." முகம் சுருங்கி இருந்தது. பாவமாகவும் இருந்தது, பின்னால் ஏறிக்கொண்டேன்.

முதல் மூன்று வீடு நல்லபடியாக முடிந்தது. நான்காவது வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டர் கேட்டுக்கு வெளியே தனியாக நின்றது. அவர் வாட்ச்மேன் கூண்டுக்குள் குனிந்து, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தார்.

"வளையம் இங்க இருக்கு, சிப்பு இங்க. செலவு டேப்பு மட்டும். இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்கு அதுதான் பொறாமை..."

மணி ஆறு ஐம்பது. தலைமையாசிரியர் ஏழு மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் ஸ்கூட்டரைப் பார்த்தேன். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்தேன். ஏறி உட்கார்ந்து திருப்பினேன். முதல் தடவையிலேயே கிளம்பியது.

தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். கையில் பேனாவோடு ஓடி வந்துகொண்டிருந்தார். பேலன்ஸெல்லாம் எனக்குச் சரியாகத்தான் இருந்தது.