தேய்மானக் கணக்கு

குளியலறை வாசற்படியில் கால் எடுத்து வைத்தபோது டீச்சரின் இடது இடுப்பில் மறுபடியும் 'டக்' என்றது. கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கூடத்துக்கு வந்து, செய்தித்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த கணவரிடம் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தாமலேயே வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"அப்ப ஒண்ணுமில்ல. கணக்குப்படி அது தேயறதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு."

போன வாரம் இதையே சொன்னபோது, அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தார். கதவு இப்போது சத்தம் போடுவதில்லை. இடுப்புதான் போடுகிறது.

அவர் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடக் கடைசியில் சரக்கு இருப்புக் கணக்கு கையெழுத்துக்கு வந்தால் லேசில் போட்டுவிட மாட்டார். நேராகக் கிடங்குக்குப் போவார், பெட்டியைத் திறக்கச் சொல்வார், கடைசி நட்டு வரை தானே எண்ணுவார். "எழுதினது இருக்கட்டும், எண்ணிப் பார்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். அதனால் தொழிற்சாலையில் அவருக்கு 'எண்ணிப்பார்' என்றே பெயர். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் எரிச்சலான விஷயம்.

டீச்சருக்கு இடுப்பு மூட்டு மாற்றிப் பல வருடங்கள் ஆகின்றன. தொடை எலும்பின் தலையில் ஓர் உலோக உருண்டை, அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அறுவை செய்த பெரிய டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். நடக்க நடக்க உருண்டை உரசிக் கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எக்ஸ்ரேயில் அதை அளக்கலாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் தவறாமல் வந்துவிட வேண்டும்.

தேய்மானம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கணக்கருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் தொழிலில் அவர் அதிகம் புழங்கிய சொல் அது. கிண்ணம் எவ்வளவு கனம், வருடத்துக்கு எவ்வளவு தேயும் என்று விசாரித்தார். பொதுவாக ஒரு தலைமுடி அளவு என்றார் டாக்டர். அவ்வளவுதான், கணக்கர் மனதுக்குள்ளேயே வகுத்துப் பார்த்துவிட்டார். தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வருடா வருடம் ஒரே அளவு தேய்மானம் எழுதிப் பழகிய கை அது. ஓடிய இயந்திரத்துக்கும் அதே அளவுதான், தூங்கிய இயந்திரத்துக்கும் அதே அளவுதான்.

முதல் இரண்டு வருடம் மருத்துவமனைக்குப் போனார்கள். எக்ஸ்ரேயும் அவர் கணக்கும் ஒத்துப்போயின. அதோடு போவது நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நினைவூட்டித் தொலைபேசியில் கூப்பிட்டால், அதையெல்லாம் நாங்களே கணக்கில் வைத்திருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுவார். டீச்சர் மகளிடம் முறையிட்டாள். அப்பா கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும் அம்மா என்று மகளும் சொல்லிவிட்டாள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? வலியும் இல்லாததால் அவளுக்கே சில சமயம் அவர் சொல்வது சரிதானோ என்று தோன்றும். மறுநாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது 'டக்' என்னும். பயம் திரும்பி வந்துவிடும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். அந்தக் கடைசி நாளிலும் நாற்காலியில் உட்காராமல், பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திவிட்டு வெளியே வர வேண்டும்.

அன்று காலை அவள் பொறுமை முடிந்துபோயிற்று. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து செருப்பைப் போட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்கு என்று மட்டும் சொன்னாள். வீண் அலைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் கூடக் கிளம்பினார். அக்கறையில் என்று நினைத்துவிட வேண்டாம். தன் கணக்குச் சரி என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டும், அதற்காக.

பெரிய டாக்டர் இப்போது இல்லை. அவர் அறையில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். எக்ஸ்ரே திரைக்கு வந்ததும், உருண்டையைச் சுற்றி ஒரு வட்டமும் கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டமும் வரைந்தார். பழைய படத்தில் இரண்டு வட்டத்துக்கும் நடுப்புள்ளி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தது. புதிய படத்தில் உருண்டை மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது. அது எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு கிண்ணம் தேய்ந்திருக்கிறது என்று விளக்கினார். கணக்கர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். அவர் போட்டு வைத்திருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது.

"அது எப்படி? வருஷத்துக்கு இவ்வளவுதான்னு உங்க பெரிய டாக்டர்தானே சொன்னார்?"

"அது சராசரி சார். சராசரி நடக்கறதில்ல. இவங்கதான் நடக்கறாங்க."

டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கிண்ணத்துக்கு மேலே எலும்பில் கறுப்பாகத் தெரிந்த ஓர் இடத்தைக் காட்டினார். தேய்ந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாத தூளாக உள்ளேயே தங்கிவிடும். உடம்பு அதோடு சண்டைக்குப் போய்ப் பக்கத்து எலும்பையே அரித்துவிடும். அரிக்கும்போது பெரும்பாலும் வலி தெரியாது. முன்பே வந்திருந்தால் உள்கிண்ணத்தை மட்டும் மாற்றிச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இப்போது எலும்பு வைத்துக் கட்டி, மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஓய்வு தேவை.

டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டாள். "மறுபடி நின்னு பாடம் எடுக்க முடியுமா?"

நடக்க வைத்துவிடலாம், நாள் முழுக்க நிற்பதைப் பற்றி இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். டீச்சர் தலையாட்டினாள். அவள் கை மடியிலிருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அறுவைக்குத் தேதி கேட்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் எண்கள் எழுத ஆரம்பித்தார். எந்த வருடத்திலிருந்து தேய்மானம் கூடியிருக்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். டீச்சருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பென்சிலை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள்.

"ஃபேக்டரியில ஒரு நட்டுன்னாகூட நேர்ல போய் எண்ணிப் பார்ப்பீங்க. என்னை ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தீங்களா?"

அவர் இத்தனை காலம் பெருமையாகச் சுமந்த பெயர் அந்தப் பெஞ்சில் வைத்துக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கீலுக்கு எண்ணெய் விட்டது ஞாபகத்துக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சத்தம்... எப்படி வரும்?"

டீச்சர் அவரைப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் போவோர் வருவோரைப் பொருட்படுத்தாமல் குனிந்து, அவள் இடுப்போரம் காதைக் கொண்டுபோனார். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். 'டக்.'

குனிந்தவர் நிமிரவில்லை. "இதையா இவ்வளவு நாளா சொல்லிட்டிருந்தே," என்றார்.

"இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்," என்றாள் டீச்சர். "மிஷினுக்கு வேணா உட்கார்ந்த இடத்துல தேய்மானம் எழுதுங்க. மனுஷங்களுக்கு எழுதாதீங்க. வலிக்கலைன்னா நல்லாயிருக்குன்னு அர்த்தமில்ல, வரச் சொன்ன நாளைக்கு வந்து அளந்து பார்த்துடணும். அதுக்கும் முன்னாடி, கூட இருக்கறவங்க உடம்பைப் பத்தி அவங்களே சொல்றப்போ, கணக்கைக் கீழ வச்சுட்டுக் காது குடுத்துக் கேக்கணும்."