ஏழாவது சரணம்

எலினோர் எழுதிய பாட்டு இல்லாமல் அந்த ஊரில் யாருக்கும் வயதாவதில்லை. ஐம்பதாம் பிறந்தநாளோ, அறுபதோ, வெள்ளிவிழாத் திருமண நாளோ, எதுவானாலும் சரி, ஊர்க் கூடத்தில் பன்றி வறுவலும் பழுப்புக் குழம்பும் முடிந்த கையோடு அச்சடித்த தாள்கள் மேசைக்கு மேசை வந்துவிடும். மெட்டு எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டு. வார்த்தைகள் மட்டும் புதிது, விழாவுக்குரியவரின் மானத்தை வாங்குவதற்கென்றே எழுதியவை. வந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து பாடுவார்கள். அகப்பட்டவரும் சிரித்த முகத்தோடு கூடவே பாடியாக வேண்டும். முகம் சுளித்தால் போயிற்று. அந்த யூட்லாந்துப் பக்கத்தில் திருடனைக்கூட மன்னிப்பார்கள், சிரிக்கத் தெரியாதவனை மன்னிக்க மாட்டார்கள்.

இன்று வீபெக்கேக்கு அறுபது. எலினோரும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சு. எலினோரின் பாட்டுகளுக்கு வேண்டிய காரசாரத்தில் பாதி வீபெக்கேயின் சமையலறையிலிருந்துதான் போனது. பன்றிப் பண்ணைக்காரர் ஹென்னிங் தன் கிழட்டு நாயை ஊசி போட்டுக் கொன்றுவிட்டு வந்து கொட்டகையில் குலுங்கிக் குலுங்கி அழுததை வேலி வழியாகப் பார்த்தவள் அவள்தான். அது அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளில் நாலாவது சரணமாக வந்தது. ஹென்னிங் சிவந்த முகத்தோடு கூடவே பாடினார். அன்று வீபெக்கே சிரித்த சிரிப்பில் பல்செட்டு கழலப் பார்த்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

இப்போது கூடம் இரண்டாவது சரணத்தில் இருந்தது. வீபெக்கே பாதிரியாரின் வேலிக்குள் காரை விட்ட கதை. அவளும் பாடிக்கொண்டே, அடுத்து என்னென்ன வைத்திருக்கிறாள் பார்ப்போம் என்று தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஏழாவது சரணம் இருந்தது.

அக்காள் காலொன்று முறிந்ததென்று சொல்லி
ஆசையாய்த் தனிவீடு பார்க்கப் போனாள்;
அடுப்பிலே புருஷன் கிழங்கைக் கருக்க,
அலறிப் புடைத்துத் திரும்பி வந்தாள்!

அவள் வாய் இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது, கண் ஏழாவதை விட்டு நகரவில்லை.

போன வசந்தத்தில் நடந்தது அது. அவள் கணவன் தோர்கில் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. இத்தனை வருஷத்தில் அவளை ஒரு கேள்வி கேட்டதும் இல்லை. ஒருநாள் காலை அவன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து காப்பிக் கோப்பையை நீட்டியபோது, அந்தக் கோப்பையில் தன்னைத் தவிர வேறு யார் காப்பி ஊற்றினாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓர்ஹூஸ் நகரத்துக்கு ரயில் ஏறினாள். துறைமுகத்தைப் பார்த்த ஓர் அறை வீடு கிடைத்தது. சாவியும் கைக்கு வந்தது. அந்த ஜன்னலோரத்தில் நின்றபோது வந்த சந்தோஷம் அவளுக்குத் தன் கல்யாண நாளில்கூட வந்ததில்லை.

அதை எலினோருக்கு மட்டும் போனில் சொன்னாள். எலினோர் அடுத்த வண்டியிலேயே வந்து நின்றாள். காலி அறையில், தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்டி, சத்தியம். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. உன் தோர்கிலுக்கு வீட்டுல உப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. நீ போயிட்டேன்னு தெரிஞ்ச அன்னிக்கே அந்த ஆளு உடைஞ்சு உட்கார்ந்துடுவான். அப்புறம் உனக்குத் தூக்கம் வருமா?"

வராது என்றுதான் வீபெக்கே நினைத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஜன்னலை அவள் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக: அவன் தாங்க மாட்டான்.

மூன்றாவது சரணம் முடிந்து நாலாவது தொடங்கியது. தோர்கில் மூக்குக் கண்ணாடியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று சரணத்தில் இந்த மனிதன் தன் வாயாலேயே தன் மனைவி ஓடிப்போகப் பார்த்ததை ஊர் முன்னால் பாடப் போகிறான். எலினோர் மேல் வந்த ஆத்திரத்தைவிட அவனை நினைத்து வந்த பதைப்புதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மயங்கி விழலாமா என்று யோசித்தாள். குழம்புச் சட்டியைத் தட்டிவிடலாமா என்று பார்த்தாள். பரிமாறுகிறவர்கள் அதை எப்போதோ எடுத்துப் போயிருந்தார்கள். ஐந்தாவது போனது. ஆறாவதில், வேறு வழி தெரியாமல், அவன் தாளின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

தோர்கில் பாட்டை நிறுத்தவில்லை. அவள் கையை எடுக்கச் சொல்லவும் இல்லை. ஏழாவது சரணம் வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தாளைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லாரையும்விட உரக்க, ஒரு சொல் பிசகாமல் பாடினான்.

மனப்பாடம்.

கூடம் மேசைகளைத் தட்டி ஆர்ப்பரித்தது. "ஏழாவதை இன்னொரு தடவை!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, வாத்தியம் வாசிப்பவர் மறுபடி மெட்டைப் பிடித்தார். எதிர் மேசையிலிருந்து ஹென்னிங் மட்டும் பாடாமல் அவளைப் பார்த்துத் தன் கோப்பையை லேசாக உயர்த்தினார். கேலி செய்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் கணவனின் காதருகே குனிந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? நீ அவகிட்ட சொன்ன அன்னிக்கே எலினோர் எனக்குப் போன் பண்ணிட்டாளே. 'பதறாத, நான் போய்க் கூட்டிட்டு வரேன்'னா. நான் எதுக்குப் பதறப் போறேன்? உன் குளிர்கோட்டு ஆணியிலயே தொங்கிட்டிருந்துச்சு. கோட்டை விட்டுட்டுப் போனவ எவ்வளவு தூரம் போயிடுவா?"

"ஸ்டேஷன்ல வந்து, அக்கா கால் எப்படி இருக்குன்னு கேட்டியே தோர்கில்."

"கேட்டேன். நீயும் மாவுக்கட்டு, ஊன்றுகோல்னு வழி முழுக்க அளந்து விட்டே. நான் சிரிப்பை அடக்கறதுக்குள்ள வண்டி பள்ளத்துல இறங்கப் பார்த்துச்சு." அவன் அவள் முதுகில் செல்லமாகத் தட்டினான். "கிழங்கைக் கருக்கறது என் வரி. அவ வேற என்னமோ போட்டிருந்தா, நான்தான் மாத்தினேன்."

இதை ஒன்றும் அவன் பகையாகச் சொல்லவில்லை. பகையாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவன் உடைவான் என்றல்லவா அவள் தன் ஜன்னலை விட்டுவிட்டு வந்தாள்! அவனோ அன்றைக்கே அதற்கு எதுகை தேட ஆரம்பித்திருக்கிறான். கூட இருந்தே குழி பறித்தது ஒருத்தி என்று நினைத்தாள். மண்வெட்டி இரண்டு இருந்திருக்கிறது.

எலினோர் கையில் கோப்பையோடு, வருகிற வழியெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டு, கன்னம் சிவக்க வந்து சேர்ந்தாள். "என்னடி கிழவி, எப்படி இருந்துச்சு?"

"சத்தியம் பண்ணியேடி."

"அடப்போடி. அது நீ போயிடுவேன்னு இருந்தப்போ பண்ணினது. நீதான் திரும்பி வந்துட்டியே! நடக்காத விஷயத்துல என்னடி ரகசியம்?"

"நான் யாருக்காகத் திரும்பி வந்தேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதானே சொன்னேன். பலிச்சுதா இல்லையா? இதோ பாரு, ரெண்டு பேரும் ஜோரா உட்கார்ந்திருக்கீங்க. எனக்கு நீ நன்றி சொல்லணும்." அவள் வீபெக்கேயின் கன்னத்தைக் கிள்ளினாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடி, எல்லாரும் பார்க்கறாங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் விழாவுக்குரியவர் எழுந்து நன்றி சொல்ல வேண்டும், அது வழக்கம். யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். பேச்சு அடங்கியது. இந்த உலகத்தில் வீபெக்கே தன் மனதைத் திறந்து காட்டியது ஒரே ஓர் ஆளிடம், தன் ஆசையைக் கொன்றது ஒரே ஓர் ஆளுக்காக. அந்த இருவரும் அவளுக்கு இரு பக்கமும் இருந்துகொண்டு அவள் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்தாள். பாட்டுத் தாளை இரண்டாக மடித்தாள்.

"பாட்டு நல்லா இருக்கு. எலினோருக்கு நன்றி. தோர்கிலுக்கும் நன்றி, அதுல ஒரு வரி அவனோடது. கிழங்கைக் கருக்கறதாவது அவன் செஞ்சிருப்பான்னு நம்பினேன், அதையும் அவன் செய்யலைன்னு இப்பதான் தெரிஞ்சுது."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஒரே ஒரு திருத்தம். ஏழாவதுல, 'திரும்பி வந்தாள்'னு முடிச்சிருக்கீங்க. அது அவசரப்பட்டு எழுதினது."

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி கூடம் சிரித்தது. தோர்கில் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பாட்டையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னான். எல்லாரும் எழுந்து நின்று அவளுக்கு மூன்று முறை வாழ்த்துக் கூவினார்கள்.

எலினோர் மட்டும் கூவவில்லை. கோப்பையை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்று வீபெக்கேயின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த ஊரைச் சிரிக்க வைத்தவளுக்கு, எது வேடிக்கை, எது இல்லை என்று தெரியாதா என்ன.